மலையில் ஜெபமும் கால்வாயில் கூலியும்

(சேரி வாலிபர்கள் கூட்டிய ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது)



இவ்வூர் வாலிபர்கள் எனக்கு எழுதிய கடிதத்தில், "எங்கள் தெருவில் வாரத்தில் மூன்று நாள் ஜெபக்கூட்டம் நடக்கிறது, நாளுக்கு நாள் ஜனங்கள் அதிகமாகச் சேருகிறார்கள், நீங்கள் வந்து அதைக் கண்டித்துப் பேச வேண்டும்" என்று கேட்டிருந்தார்கள். வந்திருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கண்டிப்பதற்கு முன் அது இன்னது என்று தெரிந்துகொள்வது பகுத்தறிவுக்காரனின் முதல் வேலை. தெரியாமல் திட்டுவது எந்த மதக்காரனாலும் ஆகக்கூடிய காரியம். அதற்கு நாம் தனியாக ஒரு இயக்கம் நடத்த வேண்டியதில்லை.

இதைச் சொல்லும்போது, அதோ பின்னால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர் சிரிக்கிறார்கள். கிறிஸ்தவர்களைப் பற்றி நான் பேசப் போகிறேன் என்றதும் அவர்களுக்குச் சந்தோஷம். அய்யா, அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். மழை பெய்ய வேண்டுமென்று கழுத்தளவுத் தண்ணீரில் பார்ப்பனரை உட்கார வைத்து வருண ஜெபம் செய்வித்துக் கூலி கொடுக்கிறவர்களுக்கு, பாதிரியின் ஜெபத்தைப் பார்த்துச் சிரிக்க யோக்கியதை கிடையாது. இரண்டும் ஒரே சரக்கு, கடைதான் வேறு. அன்றியும், இந்தச் சேரிக்குள் பாதிரியாவது வந்தான். நீங்கள் எத்தனை தடவை வந்தீர்கள் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தோழர்களே! நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. எட்டாம் வகுப்போடு தறியில் உட்கார்ந்தவன். பிறகு கிடைத்த புஸ்தகங்களைக் கிடைத்தபடி படித்தவன். அப்படிப் படித்ததில் ஒரு சரித்திரத்தை முதலில் உங்களுக்குச் சொல்லுகிறேன். ஜெபத்தின் மகிமைக்கு அத்தாட்சியாக மிஷன்காரர்களே பெருமையுடன் எடுத்துக்காட்டும் சரித்திரம் அது. அவர்கள் சொல்லும் கதையையே எடுத்துக்கொண்டு, அதில் ஜெபம் செய்தது எவ்வளவு, மனிதன் செய்தது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம்.

அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த தெலுங்குச் சீமையில் ஓங்கோல் என்று ஒரு ஊர். இப்போது ஆந்திராவில் இருக்கிறது. அமெரிக்க பாப்டிஸ்டு மிஷன்காரர்கள் 1830களில் தெலுங்கு நாட்டுக்கு வந்து, பிறகு நெல்லூரில் தங்கிப் பல வருஷம் உழைத்தார்கள். பலன் கைவிரலில் எண்ணத்தக்கது. 1853ல் அமெரிக்காவில் இருந்த தலைமைச் சபையார், "இவ்வளவு பணமும் ஆளும் செலவாகியும் பிரயோசனம் இல்லையே, இந்த இடத்தை மூடிவிடலாமா?" என்றுகூட யோசித்தார்கள். அந்தச் சமயத்தில், 1854ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி விடியற்காலையில், ஜூவெட் என்ற பாதிரியாரும், அவர் மனைவியும், மூன்று தெலுங்குக் கிறிஸ்தவர்களுமாக அய்ந்து பேர் ஓங்கோலில் ஒரு குன்றின்மேல் ஏறி, அந்தப் பிரதேசம் முழுவதும் கிறிஸ்துவுக்குச் சொந்தமாக வேண்டுமென்று மண்டியிட்டு ஜெபித்தார்கள். அந்தக் குன்றுக்கு "ஜெபக்கூட்டமலை" என்றே பெயர் வந்துவிட்டது.

இருபத்துநான்கு வருஷம் சென்றது. 1878ஆம் வருஷம் ஜூலை 3ஆம் தேதி, குண்டலகம்மா ஆற்றங்கரையில், ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவ்வருஷம் முடிவதற்குள் ஒன்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாதிகர்கள். அதாவது நம் பக்கத்துச் சக்கிலியரைப்போல் தோல் வேலை செய்து வந்த, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்த ஜனங்கள். "பார்த்தீர்களா, மலைமேல் அய்ந்து பேர் செய்த ஜெபத்துக்குக் கிடைத்த பதிலை!" என்று மிஷன் பிரசங்கங்களில் இன்றும் சொல்லுகிறார்கள்.

நல்லது. அந்த இருபத்துநான்கு வருஷத்துக்கு நடுவில் என்ன நடந்தது என்பதைப் பார்க்க வேண்டாமா? விதைத்தவனையும் நீர் பாய்ச்சினவனையும் விட்டுவிட்டு, வரப்பில் நின்று வானத்தைப் பார்த்தவனுக்கு மகசூலை எழுதிவைப்பது நியாயமாகுமா?

1866ல் ஜான் கிளோ என்ற பாதிரி ஓங்கோலுக்கு வந்தார். அவர் பாதிரியாவதற்கு முன் அமெரிக்காவில் நிலம் அளக்கும் சர்வே வேலை பார்த்தவர். இந்தச் சங்கதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அவர் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். பார்ப்பனப் பிள்ளைகளும் மேல்சாதிப் பிள்ளைகளும் படித்தார்கள். அதே சமயத்தில், தோல் வியாபாரம் செய்து வந்த பேரய்யா என்ற ஒரு மாதிகர் கிறிஸ்தவராகித் தம் இனத்தாரிடையே பேச, மாதிகர்கள் கிளோவிடம் வர ஆரம்பித்தார்கள். உடனே மேல்சாதிக்காரர்கள், "இந்த மாதிகர்களைச் சேர்க்காமலிருந்தால் நாங்கள் வருவோம், சேர்த்தால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொள்வோம்" என்றார்கள்.

கிளோவுக்குச் சங்கடம். படித்தவர்களும் பணக்காரர்களும் ஒரு பக்கம். செத்த மாட்டைத் தூக்குகிறவர்கள் ஒரு பக்கம். அவர் தம் அறையில் ஜெபம் செய்து வேதத்தைத் திறந்தாராம். அவர் மனைவி வேறு அறையில் ஜெபம் செய்து திறந்தாராம். இரண்டு பேருக்கும் ஒரே பகுதி வந்ததாம். உலகத்தில் இழிவாக எண்ணப்பட்டவர்களையே கடவுள் தெரிந்துகொண்டார் என்னும் கருத்துள்ள பகுதி. ஆகவே மாதிகர்களைச் சேர்த்துக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்த மேல்சாதிப் பிள்ளைகள் போய்விட்டார்கள். அவர் தீர்மானத்தை மாற்றவில்லை.

தோழர்களே, அந்தத் தீர்மானத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அதே புஸ்தகத்தில், அடிமைகள் எஜமானர்களுக்குப் பயந்து கீழ்ப்படிய வேண்டும் என்று போதிக்கும் பகுதிகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் நீக்ரோ மக்களை விலைக்கு வாங்கி விற்றவர்கள் அந்தப் பகுதிகளைக் காட்டித்தான் நியாயம் பேசினார்கள். அவர்களும் ஜெபம் செய்தவர்கள்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாதவர்கள்தான். கிளோவின் வீட்டில் புஸ்தகம் அந்தப் பக்கத்தில் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாதிகர்களை அவர் விரட்டியிருப்பாரா? விரட்டியிருக்க மாட்டார் என்றே நான் நினைக்கிறேன். ஏனெனில் தீர்மானம் அவர் நெஞ்சில் முன்பே இருந்தது. புஸ்தகம் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது, அவ்வளவுதான். மனிதனிடத்தில் இரக்கமும் துணிவும் இருந்தால் ஜெபத்தில் இரக்கமும் துணிவும் பதிலாக வருகிறது. மனிதனிடத்தில் சாதித் திமிர் இருந்தால் ஜெபத்தில் சாதித் திமிரே பதிலாக வருகிறது. கிணற்றில் எட்டிப் பார்க்கிறவன் தன் முகத்தையே பார்க்கிறான்.

பிறகு வந்தது 1876-78 பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லி நடுங்கினது. தென்னாட்டிலும் பம்பாய் மாகாணத்திலும் மைசூரிலும் ஐதராபாத்திலும் மாண்டவர்கள் 50 லட்சத்துக்குக் குறையாது என்பது பலர் போட்ட கணக்கு. 1877ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி, ஜனங்கள் பட்டினியால் சாகும்போது, லிட்டன் பிரபு டில்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக விளம்பரம் செய்யப் பெரிய தர்பார் நடத்தினார். பஞ்சத்திலும் துறைமுகங்களில் தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவர் மேற்பார்வைக்கு வந்து, நாளெல்லாம் மண் வெட்டுகிற ஆளின் கூலியில் தானியக் கணக்கு ஒரு ராத்தல் போதும் என்று குறைத்தார். சென்னையில் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் என்பவர், இந்தக் கூலியில் மனிதன் உயிர்வாழ முடியாது என்று எதிர்த்து வாதாடினார். அந்தக் காலத்தில் கோவில்களிலும் ஜெபம் நடந்தது, பள்ளிவாசல்களிலும் நடந்தது, மாதாகோவில்களிலும் நடந்தது. மழைக்கு இவை எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

கிளோ என்ன செய்தார் என்றால், மலைமேல் ஏறவில்லை, என்ஜினீயரிடம் போனார். அப்போது பஞ்ச வேலையாகப் பக்கிங்காம் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மற்ற இடங்களில் வேலை வாங்கிய மேஸ்திரிகள் மேல்சாதிக்காரர்கள். மாதிகர்களை அடிப்பதும் கூலியில் கை வைப்பதும் சாதாரணம். கிளோ மூன்று மைலுக்கு மேற்பட்ட ஒரு பகுதியைத் தாமே காண்டிராக்டு எடுத்தார். சர்வே தெரிந்தவரானபடியால் அளவு போடவும் கணக்குப் பார்க்கவும் அவரால் முடிந்தது. தம் உபதேசிமாரையே மேஸ்திரிகளாக வைத்தார். வந்தவர்களுக்குக் குடிசை போட்டார். கூலியை ஒழுங்காகக் கொடுத்தார். தன் சாதியைச் சேர்ந்தவனே மேஸ்திரியாக நின்று, அடிக்காமல், திட்டாமல், உழைத்த கூலியைக் கையில் எண்ணிக் கொடுத்ததை அந்த ஜனங்கள் தங்கள் ஆயுளில் முதல் தடவையாகப் பார்த்தார்கள். ஓய்வு நேரத்தில், பாரம் சுமக்கிறவர்களுக்கு இளைப்பாறுதல் உண்டு என்று உபதேசிமார் பேசினார்கள். கேட்டவர்கள் தலையில் மண்கூடை இருந்தது. பேச்சு நெஞ்சில் இறங்கியதில் என்ன அதிசயம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் யோக்கியனாக மாட்டேன். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று, பஞ்ச காலத்தில் பதினைந்து மாதம் அவர் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. பஞ்ச உதவி முடிந்த பிறகுதான், அவர்களாகவே வந்து கேட்டதன் பேரில், கொடுத்தார். ஆகவே, "அரிசிக்கு மதம் விற்றவர்கள்" என்று மேல்சாதிக்காரர் ஏளனம் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்களிடம் விற்பதற்கு என்ன மதம் இருந்தது? கோவிலுக்குள் விடாத மதமா? கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத மதமா? விலைக்கு வைக்க ஒன்றுமில்லாதவனை விற்றுவிட்டான் என்று சொல்லுவது என்ன நியாயம்?

சேர்ந்தவர்களிடம் அவர் கேட்டது மூன்று: செத்த மாட்டைத் தின்னாதே, விக்கிரகத்தைக் கும்பிடாதே, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதே. மூன்றாவதைக் கவனியுங்கள். வருஷம் 365 நாளும் ஆண்டை கூப்பிட்ட குரலுக்கு ஓடினவன், வாரத்தில் ஒரு நாள் "வரமாட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தான். ஊர்த் திருவிழாவுக்குப் பறை அடிக்க மாட்டேன் என்றான். மேல்சாதிக்காரர்கள் கோபங்கொண்டு கிணற்றை அடைத்தார்கள், வேலையை நிறுத்தினார்கள், அடித்தார்கள். அப்போது பாதிரி அவர்களுக்காக அதிகாரிகளிடம் போய் நின்றார். வெள்ளைக்கார ஆட்சியில் வெள்ளைக்காரப் பாதிரி வாசலில் வந்து நின்றால் தாசில்தார் மனுவைத் தள்ள முடியுமா?

தோழர்களே! இப்போது கணக்குப் போடுங்கள். மலையில் அய்ந்து பேர் செய்த ஜெபம் ஒரு விடியற்காலை. கால்வாய்க் காண்டிராக்டு, நியாயமான கூலி, குடிசை, பள்ளிக்கூடம், மனு, ஒரு நாள் ஓய்வு - இவை பன்னிரண்டு வருஷம். இதில் எது அந்த 2,222 பேரை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தது? ஜெபம் மாத்திரம் போதுமென்றால், 1854ல் ஜெபித்தவர்களுக்கு 1855ல் ஏன் பதில் வரவில்லை? கடவுள் இருபத்துநான்கு வருஷம் காத்திருந்து, 50 லட்சம் பேரைப் பட்டினி போட்டுத்தான் பதில் கொடுக்க வேண்டுமா? அப்படிப்பட்ட பதிலைக் கொடுக்கிற கடவுளைவிட, கணக்குப் பார்த்துக் கூலி கொடுத்த சர்வேக்காரன் எவ்வளவோ மேலானவன் அல்லவா?

நம் பக்கத்துச் சங்கதி ஒன்றும் சொல்லுகிறேன். வேலூர் ஆஸ்பத்திரியை அறியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். அதை உண்டாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் இளம் பெண்ணாகத் திண்டிவனத்தில் தம் தகப்பனார் வீட்டில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிகளைக் காப்பாற்ற வரும்படி அழைத்தார்கள். தகப்பனார் டாக்டர், ஆனால் ஆண். ஆண் வைத்தியர் தங்கள் பெண்களைத் தொடக்கூடாது என்று மூவரும் சொல்லிவிட்டார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அந்த அம்மையார் அன்றிரவு ஜெபம் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஜெபத்தோடு நின்றாரா? "அடுத்த தடவை யாராவது வந்தால் இன்னும் நன்றாக ஜெபம் செய்வேன்" என்றா தீர்மானித்தார்? இல்லை. அமெரிக்காவுக்குப் போய் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து, 1899ல் பட்டம் பெற்று, 1900ல் திரும்பி வந்தார். 1918ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளிக்கூடமே ஆரம்பித்தார். பெண்கள் படித்தார்கள், பிரசவம் பார்த்தார்கள், தாய்மார் பிழைத்தார்கள். மூன்று பெண்களைக் கொன்றது மதக் கட்டுப்பாடு. பின்னால் வந்தவர்களைக் காப்பாற்றியது படிப்பு. நடுவில் ஜெபம் இருந்தது என்றால், இருந்தது. அம்மையாரின் துக்கத்துக்கு அது துணையாக இருந்திருக்கலாம். அதற்குமேல் அதற்கு வேலை ஏது?

"ஜெபத்தினாலேயே ஸ்தாபனங்கள் நடந்திருக்கின்றனவே" என்று சிலர் கேட்கக்கூடும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜார்ஜ் முல்லர் என்பவர் 1836ல் அனாதைப் பிள்ளைகள் விடுதி ஆரம்பித்து, தம் ஆயுளில் பதினாயிரம் பிள்ளைகளுக்குமேல் வளர்த்தார். ஒருவரிடமும் பணம் கேட்பதில்லை, கடவுளிடம் மாத்திரம் கேட்பேன் என்பது அவர் விரதம். பிள்ளைகளை வளர்த்த காரியம் பெரிது, கும்பிடத்தக்கது. ஆனால் வருஷந்தோறும் அவர் ஒரு அறிக்கை அச்சிட்டு வெளியிட்டார். இன்ன நாள் கையில் காசில்லை, ஜெபித்தோம், இன்ன நாள் இவ்வளவு வந்தது என்று அதில் விவரமாக எழுதினார். தேசமெங்கும் அதைப் படித்தார்கள். படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். "நான் யாரிடமும் கேட்கவில்லை, என் வீட்டில் அரிசி இல்லை என்று கடவுளிடம் மாத்திரம் சொன்னேன்" என்பதை ஊர் முழுவதும் அச்சடித்துக் கொடுத்தால், அது கேட்பதல்லாமல் வேறென்ன? அவரைப் புரட்டர் என்று நான் சொல்ல வரவில்லை; அவர் நம்பித்தான் செய்தார். ஆனால் பிள்ளைகளுக்கு ரொட்டி வந்தது மனிதர் கையிலிருந்துதான். அந்த மனிதர்களின் இரக்கத்துக்கு உரிய பெருமையை வானத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

ஜெபத்தைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1872ல் இங்கிலாந்தில் கால்ட்டன் என்ற ஆராய்ச்சிக்காரர் ஒரு வேடிக்கையான கணக்கு எடுத்தார். அந்நாட்டில் ராஜா நீடூழி வாழ வேண்டுமென்று ஒவ்வொரு மாதாகோவிலிலும் வாரந்தவறாமல் ஜெபம் நடந்தது. அவ்வளவு ஜெபம் வேறு யாருக்கும் கிடையாது. அப்படியானால் ராஜாக்கள் மற்றவர்களைவிட அதிக நாள் உயிரோடு இருக்க வேண்டுமல்லவா? ஆயுள் கணக்கைப் பார்த்தால், வசதியுள்ள வகுப்பாரில் எல்லாரையும்விடக் குறைந்த ஆயுள் ராஜாக்களுக்குத்தான் இருந்தது! இது பழைய கணக்கு என்பீர்களானால், புதிய கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் இருதய ரண சிகிச்சை செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்று பங்காகப் பிரித்துச் சோதித்து 2006ல் வெளியிட்டார்கள். தங்களுக்காக ஜெபம் உண்டா இல்லையா என்று தெரியாத இரண்டு பங்கில், ஜெபம் செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 52 பேருக்கும், செய்யப்படாதவர்களில் நூற்றுக்கு 51 பேருக்கும் சிகிச்சைக்குப் பின் கோளாறுகள் வந்தன. அதாவது வித்தியாசமில்லை. உங்களுக்காக ஜெபம் நடக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லப்பட்ட பங்கில் நூற்றுக்கு 59 பேருக்குக் கோளாறு வந்தது!

சாதி ஒழிந்ததா என்று பார்த்தாலும் அப்படித்தான். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில், கத்தோலிக்க வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஜெபம் செய்வதற்காக, நடுவில் பீடமும் இரண்டு பக்கம் இரண்டு கூடமுமாக, சுவர் வைத்து மாதாகோவில் கட்டினார்கள். பிறகு 1910 வாக்கில் அந்தச் சுவரை இடித்தபோது, சாதிக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்கும் போய்த் தோற்றார்கள். அந்தச் சுவர் இருந்த காலமெல்லாம் இரண்டு பக்கமும் ஒரே ஜெபம், ஒரே வார்த்தை, ஒரே கடவுள். ஜெபத்தில் சுவர் கரையவில்லை, கடப்பாரையில்தான் இடிந்தது. இன்றும் பல ஊர்களில் கல்லறையில்கூடத் தனி மூலை இருக்கிறது. போதாக்குறைக்கு, சர்க்கார் 1950ல் போட்ட உத்தரவின்படி, ஆதிதிராவிடன் கிறிஸ்தவனானால் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் அவனுக்கு இடமில்லை. சேரி அப்படியே இருக்கிறது. சலுகை மாத்திரம் போய்விடுகிறது. இந்த அநியாயம் ஜெபத்தால் தீருமா, கிளர்ச்சியால் தீருமா என்று நீங்களே யோசியுங்கள்.

இவ்வளவும் சொன்னபின், என் சொந்த வீட்டுக் கதையைச் சொல்லாமலிருந்தால் என் பேச்சு பாதிதான் உண்மையாகும்.

என் அண்ணனும் தறிக்காரர். அவருக்குக் காசநோய் வந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாக மாத்திரை கொடுத்து, ஆறு மாதம் ஒருநாள் தவறாமல் சாப்பிட வேண்டுமென்று சொன்னார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. அப்போது அந்தத் தெருவுக்கு ஜெபத்துக்கு வரும் ஒருவர், "கர்த்தர் குணமாக்கிவிட்டார், இனி மாத்திரை தின்பது அவிசுவாசம்" என்று சொன்னார். அண்ணன் மாத்திரைகளைக் கூரையில் செருகி வைத்துவிட்டார். அதே வருஷம் முடிவதற்குள் இரத்தமாகக் கக்கினார். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பழைய மருந்துகள் அந்த நோய்க்குக் கேட்கவில்லை. செத்துப்போனார். கருமாதிக்குப் பிறகு கூரையைப் பிரித்தபோது, அந்த மாத்திரைகள் அட்டையோடு அப்படியே கீழே விழுந்தன.

நான் தெருவில் நின்று அந்த ஜெபக்காரரைக் கொலைகாரன் என்று கத்தினேன். அப்போது என் அண்ணி வெளியே வந்து சொன்னதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "தம்பி, அவர் சொன்னது தப்புத்தான். ஆனால் உங்கள் அண்ணன் படுத்திருந்த பத்து மாதத்தில் நீ எத்தனை தடவை வந்தாய்? ஊர் ஊராய்ப் போய்ப் பேசிக்கொண்டிருந்தாய். சொந்தக்காரர்கள் ஒட்டுநோய் என்று வாசலோடு போனார்கள். அந்த மனிதர் தினம் வந்து பாயில் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தலையைத் தொட்டார். மாத்திரையைச் சாப்பிடு என்று தினம் வந்து சொல்ல உனக்கு நேரமில்லை, சாப்பிடாதே என்று தினம் வந்து சொல்ல அவருக்கு நேரமிருந்தது" என்றாள்.

தோழர்களே! இதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து நான் ஜெபத்தைப் பற்றி யோசிக்கிற முறையே மாறிவிட்டது. ஏழை ஜனங்களிடம் மிஷன்காரன் கொண்டுபோகும் ஜெபத்தில் இரண்டு சரக்குகள் ஒரே மூட்டையில் கட்டியிருக்கின்றன. ஒன்று, வானத்தைப் பார்த்துக் கேட்பது. அது வெறும் காற்று. மற்றொன்று, ஒரு மனிதன் இன்னொரு மனிதன் வீட்டுக்குள் நுழைந்து, அவன் பாயில் உட்கார்ந்து, அவன் பெயரையும் அவன் பிள்ளைகள் பெயரையும் வாய்விட்டுச் சொல்லி, அவன் கஷ்டம் இன்னதென்று காது கொடுத்துக் கேட்பது. ஆயிரம் வருஷமாக "அடே" என்றும் "ஏ" என்றும் கூப்பிடப்பட்டவன், தன் பெயரை மரியாதையோடு ஒருவர் சொல்லக் கேட்கிறான். அவன் கண்ணில் தண்ணீர் வருகிறது. அது கடவுள் வந்த தண்ணீரல்ல. மனிதன் வந்த தண்ணீர். ஆனால் மூட்டை கட்டினவன், "இது கர்த்தர் செயல்" என்று சீட்டு ஒட்டிவிடுகிறான். ஏழையும் நம்பிவிடுகிறான்.

இப்போது நாம் செய்ய வேண்டியது என்ன? ஜெபம் பொய் என்று மேடையில் பேசிவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு, அடுத்த ஊருக்கு பஸ் ஏறினால் போதுமா? போதாது. நாம் மூட்டையைப் பிரித்து, காற்றைக் காற்றோடு விட்டுவிட்டு, மனிதன் கொண்டுவந்த சரக்கை நம் தோளில் தூக்க வேண்டும். இவ்வூர் வாலிபர்களுக்குச் சொல்லுகிறேன்: உங்கள் தெருவில் யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தினம் ஒருவர் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். மாத்திரை சாப்பிட்டாயா என்று கேளுங்கள். சர்க்கார் மனுவை எழுதிக் கொடுங்கள். கூடவே ஆபீசுக்கும் போங்கள். பிள்ளைகளுக்கு இரவில் பாடம் சொல்லிக் கொடுங்கள். கூலி ஏமாற்றினவன் வாசலில் பத்துப் பேராகப் போய் நில்லுங்கள். ஜெபக்காரர் வாரம் மூன்று நாள் வந்தால், நீங்கள் ஏழு நாளும் வாருங்கள். அதன்பிறகும் ஜனங்கள் ஜெபத்துக்குப் போனால் அப்போது கண்டிப்போம். அதற்குமுன் கண்டிக்க நமக்கு உரிமையில்லை.

ஜெபம் செய்கிற தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கண்ணை மூடிப் பாடுவதை நான் தடுக்க வரவில்லை. மனதுக்கு ஆறுதலாக இருந்தால் செய்துகொள்ளுங்கள். உங்கள் வேதமே, ஜெபத்தைத் தெருவில் வேடிக்கை காட்டாமல் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்யச் சொல்லுகிறது. ஆனால் மூன்று காரியத்தில் மாத்திரம் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மருந்தை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். கூலியைக் கேட்காமல் பொறுத்துக்கொள்ளச் சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளைகளின் படிப்புப் பணத்தைக் காணிக்கையாக எடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். ஓங்கோல் கிளோவும் வேலூர் ஐடா அம்மையாரும் உங்கள் மதத்தார்தானே; அவர்கள் செய்ததைப் பாருங்கள். முழங்காலில் இருந்தபோது அவர்களால் ஒரு உயிரும் பிழைக்கவில்லை. எழுந்து நடந்தபிறகுதான் பிழைத்தது.

நான் சொன்னதெல்லாம் சரியென்று என் பேரில் உள்ள பிரியத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசியுங்கள், தப்பென்று பட்டால் வாலிபர்கள் மூலம் எழுதியனுப்புங்கள், திருத்திக்கொள்கிறேன். கூட்டம் கலையும்போது ஒன்று மாத்திரம் செய்யுங்கள். போகிற வழியில், நோயாளி படுத்திருக்கிற ஒரு வீட்டில் நுழைந்து, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, மாத்திரை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கூரையில் இருந்தால் எடுத்துக் கையில் கொடுங்கள்.